மளிகைச் சிட்டையில் கிராமையும் எழுதுங்கள்

மதுரையில் மளிகைக் கடைகளுக்கும் சின்ன ஹோட்டல்களுக்கும் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். கொள்முதல் பில்லும் விற்பனைக் கணக்கும் ஒரே மேஜையில் கிடப்பதால், கீழமாசி வீதி மொத்தக் கடையில் ஏறின விலை எப்போது தெருமுனை அண்ணாச்சி கடைக்கு வந்து சேர்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிடும். வீடுகளில் விலைவாசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பில்லின் மொத்தத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். அது ஏமாற்றும் கணக்கு. போன மாதமும் 4,200, இந்த மாதமும் 4,200 என்றால் விலை ஏறவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு கிலோ துவரம்பருப்பு முக்கால் கிலோ ஆகியிருக்கலாம், கடலை எண்ணெய் இருந்த இடத்துக்குப் பாமாயில் வந்திருக்கலாம்.

எண்ணெயிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதில்தான் எல்லா விளையாட்டும் நடக்கிறது. நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் ரஷ்யா, உக்ரைன் பக்கமிருந்து. 2022 பிப்ரவரியில் அங்கே போர் தொடங்கியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தி, மே மாதம்தான் திறந்துவிட்டது. அப்புறம் நம் அரசின் வரி. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்ஜியத்திலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். 2025 மே கடைசியில் 10 சதவீதமாகக் குறைத்தார்கள். உள்ளூர் எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று ஏற்றியது ஒரு நியாயம், சமையலறை தாங்கவில்லை என்று இறக்கியது இன்னொரு நியாயம். இரண்டிலும் தவறு சொல்ல முடியாது. ஆனால் ஏறியது வந்த வேகத்தில் இறங்கியது வரவில்லை.

ஏன் என்பதைக் கடையின் கணக்கில் பார்த்தால் புரியும். பாக்கெட்டில் 185 என்று எம்.ஆர்.பி. அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அண்ணாச்சி அதை 160-க்குக் கொடுப்பார். வரி ஏறிய செய்தி வந்த மறுநாளே அதே பழைய பாக்கெட் 180 ஆகிவிடும். எம்.ஆர்.பி.யைத் தாண்டவில்லை, அதனால் சட்டப்படி குற்றமில்லை. கொடுத்துவந்த தள்ளுபடியை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். கேட்டால், "இதை வித்த காசுலதானே அடுத்த லோடு எடுக்கணும்?" என்பார். அதுவும் உண்மைதான். பழைய விலைக்கு விற்றால் அடுத்த முறை பத்துப் பெட்டி எடுக்கிற இடத்தில் ஒன்பதுதான் எடுக்க முடியும். விலை இறங்கும்போதோ அவர் கையில் இருப்பது அதிக விலைக்கு வாங்கிய சரக்கு. அது தீரும்வரை குறைக்க மாட்டார்.

ஆகவே எண்ணெய், பருப்பு மாதிரிக் கெடாத சரக்கில் வரி குறைந்த செய்தி வந்தால் ஒரு மாதச் சாமானையும் அன்றைக்கே அள்ளிப் போடாதீர்கள். பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்கிவிட்டு, சரக்கு வேகமாக ஓடுகிற பெரிய கடையில் விலை கேட்டுப் பாருங்கள். அங்கேதான் முதலில் இறங்கும். தக்காளிக்கு இந்தக் கதையே கிடையாது. இன்று விற்காவிட்டால் நாளை அழுகல் என்பதால், மாட்டுத்தாவணி, பரவைக் காய்கறிச் சந்தைகளில் லாரி வரத்து கூடின காலையிலேயே விலை இறங்கிவிடும். 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கும். அடுத்த சில வாரங்களில் விலை தானாகவே சரிந்தது. காய்கறிக்குத் தேவை கொஞ்சம் பொறுமை. டீக்கும் இட்லிக்கும் பொறுமையால் பயனில்லை. சமையல் வாயு, காப்பித்தூள், ஆள் கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை விலை ஏற்றிய ஹோட்டல் அதை இறக்கி நான் கணக்கு எழுதியதே இல்லை.

சரி, அளவுக்கு வருவோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல, சுமார் 910 கிராம்தான். செக்கில் ஒருவர் கிலோ விலை சொல்வார், பக்கத்துக் கடையில் லிட்டர் விலை சொல்வார். கிலோ விலை பத்து சதவீதம் கூடுதலாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பாக்கெட்டில் இதைவிட மோசம். 850 மி.லி. பாக்கெட்டைக் கையில் எடுத்தால் ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும். லிட்டர் 150 ரூபாய், அது 136 ரூபாய் என்றால் 14 ரூபாய் லாபம் என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள், லிட்டருக்கு 160 ஆகிறது.

இந்த வகுத்தலை நீங்கள் செய்ய வேண்டியதே இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது மி.லி.க்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் கிலோவுக்கு என்ன விலை என்று. பிறகு அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. எறும்பு எழுத்தில்தான் இருக்கும். மேலே சொன்ன விலைகள் எம்.ஆர்.பி. என்றால், லிட்டர் பாக்கெட்டின் கணக்கு மி.லி.க்கு 0.15 ரூபாய், 850 மி.லி. பாக்கெட்டில் 0.16 என்று இருக்கும். ஒரு பைசா வித்தியாசம்தானே என்று விட்டால் லிட்டருக்குப் பத்து ரூபாய் போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது பிடிக்கும்.

அரிசியில் அளவு வேறு மாதிரி விளையாடுகிறது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உடனே பல ஆலைகள் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. 25-ஐத் தாண்டினால் வரி இல்லை. கடைக்காரர் அந்தச் சிப்பத்தைப் பிரித்து உங்கள் கண் முன்னால் நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கும் வரி இல்லை. அழகான ஐந்து கிலோ பைக்குத்தான் வரி. வாரக் கூலியில் ஐந்து ஐந்து கிலோவாக வாங்கும் குடும்பம், சுத்தமாக இருக்கிறதே என்று பையை எடுத்தால் வரியையும் பையின் செலவையும் சேர்த்துக் கொடுக்கிறது. அதே தர அரிசி மூட்டையில் இருந்தால் நிறுத்து வாங்குங்கள். மின்னணுத் தராசில் அந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் முதலியவற்றுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் நாலரை ரூபாய் ஆகவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு. சில நிறுவனங்கள் விலையை அப்படியே வைத்து எடையைக் கூட்டின. அங்கேயும் கிராமைப் பார்த்தால்தான் குறைந்ததா இல்லையா என்பது தெரியும். சலவைத்தூளுக்கு வரி இறங்கவில்லை, அதற்கு அண்ணாச்சியோடு சண்டை போட வேண்டாம்.

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று செய்தி வந்தபோது என் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பொய்யான எண் அல்ல அது. முந்தைய ஆண்டு அதே மாதத்தில் காய்கறி விலை உச்சத்தில் இருந்தது, அதோடு ஒப்பிட்டதால் சராசரி கீழே வந்துவிட்டது. தேங்காயும் எண்ணெயும் அந்த மாதம் ஏறித்தான் இருந்தன. பணவீக்கம் குறைந்தது என்றால் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள், விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்று அல்ல. உங்கள் வீட்டுப் பணவீக்கத்தை உங்கள் சிட்டையில்தான் பார்க்க முடியும். பத்துப் பொருள் போதும். அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், பால், சீனி, காப்பித்தூள், மிளகாய் வற்றல், தேங்காய், சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிராம், கிலோ என்ன விலை என்று இரண்டு பத்தி. மூன்று மாதம் எழுதினால் எந்தப் பொருளில் விலை ஏறியது, எதில் நீங்களே அளவைக் குறைத்தீர்கள் என்று பிரிந்து தெரியும். பெரும்பாலான வீடுகளில் முதலில் குறைவது பருப்புதான். செல்போன் ரீசார்ஜ் குறைவதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, ரீசார்ஜ் இல்லாமல் இன்று வேலைக்குக் கூப்பிடவே மாட்டார்கள். ஆனால் அரிசி அட்டைக்கு நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் மாதா மாதம் உண்டு. வரிசையில் நிற்கச் சங்கடப்பட்டு அதை விட்டுவிட்டுக் கடையில் பருப்பைக் குறைக்கும் வீடுகளை நான் அறிவேன்.

கடனுக்குச் சாமான் வாங்கி எழுதிவைக்கும் பற்று நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் வந்துபோன கையோடு ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். கடைகளின் வரவேண்டிய பாக்கி அந்தச் சமயத்தில் ஏறுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கடன் இருக்கும் கடையில் விலை பேச முடியாது, வேறு கடைக்குப் போகவும் முடியாது. வட்டி வாங்காத அண்ணாச்சி, கொடுக்காத தள்ளுபடியில் அதை எடுத்துக்கொள்கிறார். சீட்டுப் பணமோ போனஸோ வந்தால் முதலில் இந்தப் பாக்கியை அடைத்துவிடுங்கள். மாதச் செலவுக்கு நகையை மறு அடமானம் வைத்துக் கூடுதல் தொகை வாங்குவது இதைவிட ஆபத்து. 2025 டிசம்பரில் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு அதே வளையலுக்கு அதிகம் தருகிறார்கள். தருகிறார்களே என்று வாங்கினால் பருப்பும் எண்ணெயும் தீர்ந்த பிறகும் வட்டி ஓடும்.

எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, எம்.ஆர்.பி. விலையின் மேல் தனியாக ஜி.எஸ்.டி. போட்டாலோ அது தவறு, வரி அதிலேயே அடங்கியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். எடை குறைவு, முத்திரையில்லாத் தராசு என்றால் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். துண்டுச் சீட்டில் மொத்தத்தை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால், பொருள், அளவு, விலை மூன்றும் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.