கையெழுத்துப் போடும் முன்: ஃபிரான்சைஸ் கடை எடுப்பவர்களுக்கு ஓர் ஆடிட்டரின் வேண்டுகோள்

சென்ற வாரம் மேடவாக்கத்து டீக்கடை ஒன்றின் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய விண்ணப்பம் போட்டேன். அது ஃபிரான்சைஸ் கடை, அதாவது ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி அதன் பெயரில் நடத்துகிற கடை. கடை திறந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. எடுத்தவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்தவர். ஓய்வுப் பணத்தோடு மனைவியின் நகைமேல் வாங்கிய கடனையும் சேர்த்து 19 லட்ச ரூபாய் போட்டிருந்தார். கடைசிக் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த நிறுவனம் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு வண்ணத் தாளை என் மேஜைமேல் வைத்தார். "சார், இதை நம்பித்தானே இறங்கினேன். இதில் எங்கே தப்பு?" என்றார்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். நாள் விற்பனை 12,000 ரூபாய், மாதம் 3,60,000. சரக்கு 1,44,000, வாடகை 35,000, இரண்டு ஆட்கள் சம்பளம் 36,000, மின்சாரமும் காஸும் 15,000, நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்காக அதற்குக் கட்டும் ராயல்டி, விற்பனையில் 6 சதவீதம், 21,600. மீதி 1,08,400. பதினெட்டே மாதத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.

கூட்டல் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. எழுதாமல் விட்டதில்தான் பிழை. பலகையில் போட்டிருக்கும் டீ விலைக்குள்ளேயே 5 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, 3,60,000-ல் அது 17,000 ரூபாய்க்கு மேல். உணவகத்துக்கு இந்த 5 சதவீத வரி 2017 நவம்பரிலிருந்து உள்ளீட்டு வரிச் சலுகை (கடைச் செலவுகளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல்தான் வருகிறது. அதனால் ராயல்டிக்கும் வாடகைக்கும் கட்டுகிற 18 சதவீத வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அதுவும் செலவாகவே நின்றுவிடும். கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றாலும் தப்ப முடியாது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும். ராயல்டி, வாடகை இரண்டின் வரியிலும் மாதம் 10,000 ரூபாய் போயிற்று. அடுத்து ஆட்கள். காலை ஐந்தரைக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிற கடையை இரண்டு பேர் நடத்த முடியாது. மூன்றாவது ஆளுக்கு 18,000, வெளி மாநிலத்திலிருந்து வந்த அவர்கள் தங்க அறை வாடகை 9,000. ஆக, 12,000 ரூபாய்க்கு விற்றிருந்தாலும் லாபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

உண்மையில் விற்றது சராசரியாக 7,000. மாதம் 18,000 ரூபாய் நஷ்டம், நகைக்கடன் வட்டி தனி. அந்த நஷ்டத்திலும் மாதம் தவறாமல் 12,600 ரூபாய் ராயல்டி போய்க்கொண்டிருந்தது. ராயல்டி லாபத்தில் பங்கு இல்லை, மொத்த விற்பனையில் பங்கு. எடுப்பவர்களில் பலர் இதைக் கடை திறந்த பிறகுதான் உணர்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

ஃபிரான்சைஸ் முறையே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1987-ல் என்.ஐ.ஐ.டி. நிறுவனம் கணினிப் பயிற்சியை இந்த முறையில் கொண்டுபோனதால்தான் சிறு நகரத்துப் பிள்ளைகள்கூட அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டார்கள். இன்று மருந்துக்கடை, அழகு நிலையம், மழலையர் பள்ளி, கூரியர், பிரியாணி என்று எதை எடுத்தாலும் இந்த முறையில் நன்றாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் கணக்குப் பார்க்கும் ஒரு மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கரணையில் இரண்டாவது கடையும் போட்டுவிட்டார். தொழில் வளர்ந்த வேகத்துக்கு நம் நாட்டில் சட்டம் வளரவில்லை என்பதுதான் என் கவலை.

ஃபிரான்சைஸுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம், 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டம் என்று பல இடங்களிலிருந்து பொறுக்கித்தான் வழக்கு நடத்த வேண்டும். ஜி.எஸ்.டி. வருமுன், சேவை வரிக்கான சட்டத்தில் 'ஃபிரான்சைஸ்' என்ற சொல்லுக்கு வரையறை எழுதி வைத்திருந்தார்கள். வரி வாங்குவதற்கு வரையறை இருந்தது. கடை எடுப்பவரைக் காப்பதற்கு ஒரு விதியும் இல்லை.

அமெரிக்காவில் 1979-லிருந்தே இதற்கு விதி இருக்கிறது. இன்று அங்கே கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்பாக, 23 தலைப்புகளில் முழு விவரத்தையும் எடுப்பவர் கையில் கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் மேல் உள்ள வழக்குகள், சமீப ஆண்டுகளில் மூடிய கடைகள் எல்லாம் அதில் வரும். மலேசியாவில் 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சீனாவில் 2007-ம் ஆண்டு விதிப்படி, சொந்தமாக இரண்டு கடையை ஓராண்டுக்கு மேல் நடத்திக் காட்டிய நிறுவனம்தான் ஃபிரான்சைஸ் கொடுக்க முடியும். இங்கே ஒரே ஒரு கடையை ஆறு மாதம் நடத்தியவரும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஸ்டால் போட்டு ஊரெல்லாம் ஃபிரான்சைஸ் கொடுக்கலாம்.

ஃபிரான்சைஸ் கொடுக்கும் நிறுவனத்துக்கு வருமானம் மூன்று வழியில் வருகிறது: தொடக்கக் கட்டணம், ராயல்டி, அவர்களிடமே வாங்க வேண்டிய சரக்கின் மேல் வைக்கிற லாபம். ராயல்டியை நம்பிப் பிழைக்கிற நிறுவனம் உங்கள் கடை ஓட வேண்டும் என்று உழைக்கும். தொடக்கக் கட்டணத்தை நம்பிப் பிழைக்கிற நிறுவனத்துக்குப் புதுக் கடை திறந்துகொண்டே இருந்தால் போதும். பழைய கடை மூடினாலும் அதன் வரவு குறையாது. நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், பதிவு பெற்ற எந்த கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் பார்க்கலாம். 19 லட்சம் போடுகிறவர் அந்த 100 ரூபாயைச் செலவழிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதேபோல, பெயர்ப் பலகையில் உள்ள வணிகச் சின்னம் பதிவாகிவிட்டதா, ஆட்சேபணையில் நிற்கிறதா என்று இணையத்தில் இலவசமாகவே தேடலாம். இன்னொருவருக்குச் சொந்தமான பெயருக்கு ராயல்டி கட்டியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மேடவாக்கத்துக்காரரின் ஒப்பந்தத்தை அன்று அவரோடு உட்கார்ந்து படித்தேன். முப்பத்திரண்டு பக்கம். இருபத்தொன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பத்தி: 'இந்த ஒப்பந்தத்தில் உள்ளவை மட்டுமே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், இதற்கு முன் பேசியவை, கொடுத்த மதிப்பீடுகள் எதுவும் செல்லாது.' அந்த ஒரு பத்தியைக் காட்டித்தான் வண்ணத் தாளை இனி மறுப்பார்கள். தவறான தகவல் தந்து சம்மதம் வாங்கினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று ஒப்பந்தச் சட்டம் 18, 19 பிரிவுகளில் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் அவர். வழக்குக்குப் போக வேண்டிய ஊர், ஒப்பந்தப்படி, டெல்லி.

இன்னும் சில. தேதி போடாத காசோலைகளைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். பிற்பாடு காசோலை மோசடி வழக்காக அது உங்கள் மேலேயே திரும்பலாம். உங்கள் கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் அவர்கள் இன்னொரு கடை திறக்க மாட்டார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி பொதுவாக அது செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அப்படி ஒரு தடை செல்லும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

போன மாதம் நங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். இதே மாதிரி ஒரு வண்ணத் தாள், இதே மாதிரி ஒரு கணக்கு. நல்லவேளை, அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்த நிறுவனத்தின் போரூர் கடைக்கு எதிரே இரண்டு நாள், காலையும் மாலையும், ஒரு நோட்டோடு நிற்கச் சொன்னேன். நின்று எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு 190 டீ, ஐம்பது அறுபது பேருக்குச் சிற்றுண்டி. தாளில் 400 டீ என்று இருந்தது. அவர்கள் கொடுத்த கிளைப் பட்டியலில் இருந்த மற்ற மூன்று முகவரிக்கும் பைக்கில் போய்ப் பார்த்திருக்கிறார். ஒன்றில் ஷட்டர் இறங்கியிருந்தது, 'வாடகைக்கு' என்று சாக்பீஸில் எழுதி ஒரு போன் நம்பர்.

அவர் பெயரில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஓராண்டைக் கடந்த ஏதேனும் மூன்று கிளைகளின் மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கும், இதுவரை மூடிய கிளைகளின் பட்டியலும் வேண்டும், கிடைத்த மறுநாளே முன்பணம் கட்டத் தயார் என்று அதில் இருந்தது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த தகவலும் வந்துவிட்டது. மூன்று வாரமாகியும் பதில் வரவில்லை. பணம் அவருடைய வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது.