மார்கழி விடியக்காலைல பாட்டு எப்படி அவ்ளோ தூரம் கேக்குது?

மார்கழி பொறந்துட்டா காலைல நாலரை, அஞ்சு மணிக்கு எங்கயோ ஒரு கோயில்ல போடுற திருப்பாவை நம்ம படுக்கை வரைக்கும் வந்துரும், கோயில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் வார்த்தை வார்த்தையா புரியும். அதே கோயில், அதே குழாய் ஸ்பீக்கர், பகல் பதினோரு மணிக்கு பாட்டு போட்டா நாலு தெரு தாண்டி வராது. ஏன்னு கேட்டா எல்லாரும் சொல்றது, அந்த நேரத்துல வண்டி சத்தம் இல்லல்ல, அதான்னு. அது உண்மைதான், ஆனா பாதிதான். மீதியை காத்து பண்ணுது.

சத்தத்தோட வேகம் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது. 0 டிகிரி செல்சியஸ்ல செகண்டுக்கு சுமார் 331 மீட்டர், 20 டிகிரில 343. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். சூடான காத்துல வேகமா ஓடும், குளிர்ந்த காத்துல மெதுவா போகும், அவ்ளோதான் விஷயம். இப்ப மேல ஒரு சூடு, கீழ ஒரு சூடுன்னு காத்து அடுக்கடுக்கா இருந்தா என்ன ஆகும்? மாட்டு வண்டியோட ஒரு சக்கரம் சேத்துல இறங்கிட்டா வண்டி அந்தப் பக்கமே திரும்பும் பாருங்க, அதே மாதிரி சத்தமும் தான் மெதுவா போற பக்கம், அதாவது குளிர்ந்த காத்து இருக்கற பக்கமா வளையும்.

பகல்ல வெயில் பட்டு தரை காயும், தரையை ஒட்டின காத்துதான் ரொம்ப சூடு, மேல போகப் போக குளிர்ச்சி. அதனால பாட்டு மேல் பக்கமா வளைஞ்சு நம்ம தலைக்கு மேல போயிடும், கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் கீழ நிக்கிறவங்களுக்கு அது வந்து சேர்றதே கஷ்டம். ராத்திரி எல்லாம் தலைகீழ். தரை தன்னோட சூட்டை வானத்துக்கு விட்டுட்டு சில்லுன்னு ஆயிடும், தரையை ஒட்டின காத்தும் கூடவே குளிரும், அதுக்கு மேல இருக்கற காத்து இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாவே இருக்கும். இப்போ மேல போன சத்தம் கூட வளைஞ்சு திரும்ப தரைக்கே வரும். வீட்டுச் சுவர், மரம் எல்லாத்துக்கும் மேல ஏறித் தாண்டி அந்தப் பக்கம் இறங்குது, வழியில அதிகமா தேயறதில்ல.

இது எல்லா மாசமும் கொஞ்சம் நடக்கும், மார்கழில நல்லா நடக்கும். ராத்திரி நீளம், சென்னைலயே டிசம்பர் 21 வாக்குல 12 மணி 40 நிமிஷம் கிட்ட, அதனால தரை ஆற நிறைய நேரம் கிடைக்குது. மழை ஓஞ்சு வானம் தெளிஞ்ச நாள்ல மேகமும் இல்ல, காத்தும் அசையாது. மேகம் இருந்தா தரை விட்ட சூட்டுல ஒரு பங்கை திருப்பி அனுப்பிடும், காத்து அடிச்சா அடுக்கு கலைஞ்சுரும். மூடாக்கு போட்ட ஒரு காலைலயும் தெளிஞ்ச ஒரு காலைலயும் அதே பாட்டை மொட்டை மாடில நின்னு கேட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பனி. இலை மேல பனி இறங்கவும் இதே தெளிஞ்ச வானம், அசையாத காத்து, சூட்டை விட்டுட்டு ஆறிப்போன தரைதான் வேணும். ஆண்டாள் ஒரு பாசுரத்துல "பனித்தலை வீழ" வாசல்ல வந்து நிக்கிறோம்னு தோழியை எழுப்புறா. அதுக்கு முன்னாடி வர்ற பாசுரங்கள்ல சங்கு சத்தம் கேக்கலையா, தயிர் கடையற சத்தம் கேக்கலையான்னு கேள்வி மேல கேள்வி. தலைல பனி விழற ஒரு காலைலதான் சங்கொலியும் அதிக தூரம் போகும், ரெண்டையும் ஒரே பாட்டுத் தொகுப்புல வச்சிருக்கா. விடியக்காலைல வெளில நின்னு காது கொடுத்துக் கேட்டவதான் இப்படி எழுதியிருக்க முடியும்னு நான் நினைக்கிறேன்.

மார்கழி கடைசி நாள் போகி, அன்னிக்கு கொளுத்தற புகை மேல போகாம தெருவுலயே கிடக்கறதுக்கும் இந்த அடுக்குதான் காரணம், கீழ இருக்கற குளிர்ந்த கனமான காத்து மேல ஏறாது. 2018 போகிக்கு சென்னை ஏர்போர்ட்ல ஃப்ளைட் எல்லாம் தாமதமானது இந்தப் புகைமூட்டத்தாலதான்.

இதே வேகக் கணக்கு புல்லாங்குழலையும் விடாது. குழல் நீளம் மாறல, உள்ள காத்து 10 டிகிரி குளிர்ந்தா சத்தத்தோட வேகம் 2 சதவீதம் கிட்ட குறையும், சுருதியும் அதே அளவு இறங்கும், அதாவது அரை ஸ்வரத்துல கால்வாசிக்கு மேலயே. வாசிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் ஊதி குழலை சூடாக்கிக்கறது இதனாலதான்.

கோயில் கமிட்டிக்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணில இருந்து காலை 6 மணி வரைக்கும் வெளில ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. ஆறு மணிக்கு மேல ஆரம்பிச்சாலும் பயமில்ல, சூரியன் வந்து ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆனாத்தான் அந்த அடுக்கு முழுசா உடையும். வால்யூமை பாதிக்கு கீழ வச்சாலும் பாட்டு போக வேண்டிய தூரம் போகும், கைக்குழந்தை இருக்கற வீட்டுலயும் யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.