முப்பது பாயிண்ட் போடும் பையனும் நின்று பார்க்கும் நால்வரும்

ஸ்கோர்ஷீட்டில் ஒரே பெயருக்கு நேராக 34. மற்ற எல்லோருக்கும் சேர்த்து 15. பள்ளி, கல்லூரி கூடைப்பந்துப் போட்டிகளில் இந்தக் கணக்கு வராத சீசனே இல்லை. அணி தோற்றிருக்கும். பயிற்சியாளரோ, "எங்க பையன் ஒருத்தனா நின்னு போராடினான் சார், மத்தவங்கதான் கைவிட்டுட்டாங்க" என்பார். ஐயா, அவர்கள் கைவிடவில்லை. அவர்கள் கைக்குப் பந்தே வரவில்லை.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் ஒழித்தாக வேண்டும். ஒருவர் நிறைய பாயிண்ட் எடுப்பதாலேயே அணி அவரை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறது என்று ஆகாது. குறைவாக எடுத்தால் நம்பவில்லை என்றும் ஆகாது. அவர் 12 பாயிண்ட் மட்டும் எடுத்த ஆட்டத்திலும் பந்து முழுக்க அவரிடமே இருந்திருக்கலாம். பார்க்க வேண்டியது, அணியின் தாக்குதல்களில் எத்தனை அவர் கையில் முடிகின்றன என்பதை. ஷாட்டில் முடிந்தாலும் சரி, ஃப்ரீ த்ரோவில் முடிந்தாலும் சரி, பந்தைப் பறிகொடுத்து முடிந்தாலும் சரி.

கணக்கு எளிது. ஷாட் முயற்சிகள், ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44-ஆல் பெருக்கி வருவது, டர்ன்ஓவர்கள் (பந்தைப் பறிகொடுத்தவை), மூன்றையும் கூட்டுங்கள். அவர் 20 ஷாட், 10 ஃப்ரீ த்ரோ, 4 டர்ன்ஓவர் என்றால் 28.4. அணி மொத்தம் 60 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 15 டர்ன்ஓவர் என்றால் 83.8. அவர் 40 நிமிடத்தில் 32 நிமிடம் ஆடியிருந்தால், இந்த 83.8-இல் ஐந்தில் நான்கு பங்கை, சுமார் 67-ஐ மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 28.4-ஐ 67-ஆல் வகுத்தால் 42 சதவீதம். நிமிடத்தைச் சேர்க்காமல் 34 சதவீதம் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். ஐந்து பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 20. நல்ல ஸ்கோரர் 30-ஐத் தொடுவது இயல்பு. 35-ஐத் தாண்டினால் அணியை உட்காரவைத்துப் பேசுங்கள்.

42 எவ்வளவு பெரிய சுமை தெரியுமா? அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் 2016-17 சீசனில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் தொட்டது 41.7. லீக் அதுவரை காணாத அளவு. சராசரி 31.6 பாயிண்ட், சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் அவருக்கே. ஆனால் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் 4-1 என்று தண்டர் வெளியேறியது. இரண்டாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது 51 பாயிண்ட், எறிந்தது 43 ஷாட், உள்ளே போனது 17. கடைசிக் குவார்ட்டரில் மட்டும் 18 ஷாட் எறிந்து 4 விழுந்தது. ஹூஸ்டன் 115-111 என்று வென்றது. அவர் பெஞ்சுக்குப் போன சில நிமிடங்களில் முன்னிலை கரைவதும் அந்தத் தொடரில் திரும்பத் திரும்ப நடந்தது.

அதற்காக ஸ்டாரின் கையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. 1986-87-இல் மைக்கேல் ஜோர்டான் சராசரி 37.1. சிகாகோ புல்ஸ் 40 வெற்றி, 42 தோல்வி, முதல் சுற்றில் பாஸ்டனிடம் 3-0. 1990-91-இல் அவர் சராசரி 31.5, அப்போதும் லீக்கிலேயே முதலிடம், புல்ஸுக்கு 61 வெற்றி, கோப்பை. சக ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பன் வளர்ந்திருந்தார், பயிற்சியாளர் பில் ஜாக்சனின் முக்கோண ஆட்டம் எல்லோர் கையிலும் பந்தைக் கொண்டுவந்தது. இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணி லேக்கர்ஸ் ஜோர்டானைச் சூழ்ந்தபோது, ஆளில்லாமல் நின்ற சக ஆட்டக்காரர் ஜான் பாக்ஸனுக்குப் பந்து போனது. பாக்ஸன் 20 பாயிண்ட்.

உங்கள் அணியில் கவனிக்க வேண்டியவை. மூன்றாவது குவார்ட்டர் முடிவில் ஸ்டாரின் ஷாட் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்ப ஆரம்பித்தால் கை பிசகவில்லை, கால் ஓய்ந்துவிட்டது. உட்காரவையுங்கள். இரண்டாவது குவார்ட்டரின் முதல் மூன்று நிமிடம் அவர் இல்லாமலே ஆடும் வழக்கத்தை லீக் ஆட்டங்களிலேயே கொண்டுவாருங்கள். நாக்அவுட்டில் அவர் ஐந்தாவது ஃபவுல் வாங்கிய பிறகு கற்றுக்கொள்ள முடியாது. பந்தைக் கொண்டுவர இன்னொரு ஆளைத் தயார்செய்யுங்கள்.

எதிரணி ஒருவரை ஸ்டாரோடு ஒட்டவிட்டு மற்ற நால்வரைப் பெட்டி வடிவில் நிறுத்தும். 2019 என்பிஏ இறுதித் தொடரில் டொராண்டோ, கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கரிக்கு எதிராகவே இப்படி ஆடியது. அப்போது ஸ்டாரை மூலையில் நிறுத்திச் சோர்ந்துபோக விடாதீர்கள். ஸ்கிரீன் போட, அதாவது சக ஆட்டக்காரரைத் தடுப்பவரின் வழியை மறித்து நிற்க, அனுப்புங்கள். ஒட்டுபவர் அவரை விட்டு விலக மாட்டார், ஸ்கிரீனைப் பயன்படுத்தும் ஆளுக்கு வழி திறக்கும். இரண்டு பேர் சூழ்ந்தால் ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவர் வந்து நிற்கட்டும். அங்கே பந்து கிடைத்த நொடியில் அது நாலுக்கு மூன்று ஆட்டம். இதைப் பயிற்சியில் தினமும் பத்து நிமிடம் ஆடுங்கள். ஸ்டார் ஷாட் எடுக்கக் கூடாது என்ற விதியோடு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வளரும் வயதில் ஓயாமல் குதிக்கும் பிள்ளைக்கு முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலிக்கலாம். தைலம் தேய்த்து, இறுக்கிக் கட்டி மறுபடி களத்தில் இறக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை பிள்ளை பெஞ்சில் இருக்கட்டும், பயிற்சியாளர் எத்தனை முறை போன் செய்தாலும்.