வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறீர்களா? முற்பணம் கொடுக்க முதல் இதைப் படியுங்கள்

உறுதி எழுதும் நொத்தாரிசான என்னிடம் மாதம் ஒருவராவது இப்படி வருகிறார். பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன். கட்டாரில் உழைத்த காசு, ஓய்வுபெறும்போது கிடைத்த தொகை, முதிர்ந்த வைப்பு என்று ஏதோ ஒன்று கையில் இருக்கும். வந்தாறுமூலைப் பக்கம் ஒரு மாடிவீடு, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு விடலாம் என்று தரகர் சொல்லியிருப்பார். இருபது இலட்சம் முற்பணமும் கொடுத்தாகிவிடும். "மிஸ், எல்லாம் பேசி முடிஞ்சுது, நீங்க உறுதியை மட்டும் எழுதித் தாங்க." மூல உறுதி எங்கே என்று கேட்டால் மேசையில் வைப்பது அரசாங்கக் காணிக்கான பெர்மிட்டின் போட்டோக் கொப்பி.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இப்படிப் பெர்மிட்டில் கொடுத்த காணி, பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கினாலும் செல்லாதது செல்லாததுதான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படிப்பட்ட காணி நிறைய இருக்கிறது, தெரியாது என்று சொல்ல முடியாது.

சரி, சுத்தமான உறுதிக் காணி என்றே வைப்போம். அப்போதும் எனக்குக் கோபம் வருவது அடுத்த பேச்சில். "வங்கியில வட்டி விழுந்துபோச்சு, வீடென்றால் மாதம் பிறந்தால் வாடகை வரும்." வட்டி விழுந்தது உண்மை. 2022 நெருக்கடியில் 20 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த வங்கிகள் உண்டு, 2025 மே மாதம் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் கொள்கை வட்டியை 7.75 வீதத்துக்கு இறக்கிவிட்டது. ஆனால் வாடகை எவ்வளவு வீதம் என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா? ஒன்றரைக் கோடி வீடு, வாடகை மாதம் 40,000. வருடத்துக்கு 480,000, அதாவது 3.2 வீதம். அதே காசை 7 வீதத்தில் வைப்பிலிட்டால் 1,050,000 வரும், பத்து வீதம் வரி பிடித்த பிறகும் 945,000 கையில் நிற்கும். வாடகையின் இரு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. இன்னும் முடியவில்லை. உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒன்றரைக் கோடிக்கு 599,000. பதினைந்து மாத வாடகை, ஆயிரம் ரூபாய் குறைய! முதல் வாடகைக்காரர் வீட்டுக்குள் கால் வைக்க முன்னமே அது போய்விடுகிறது. அப்புறம் சோலைவரி, பெயின்ற், தண்ணீர் மோட்டார், கடற்கரைப் பக்கமென்றால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கிறில், ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதங்கள். வாடகைக்கும் வருமான வரி உண்டு, பராமரிப்புக்கென்று 25 வீதம் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள் என்பதையாவது தெரிந்து வைத்திருங்கள்.

லோன் எடுத்து வாங்குகிறவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கோடியை 12 வீதத்துக்கு எடுத்தால் முதல் மாதத்து வட்டி மட்டும் ஒரு இலட்சம். வாடகை 40,000. மிச்சம் எங்கிருந்து வரும்?

"விலை ஏறும்தானே" என்பார்கள். ஏறலாம். ஆனால் பிள்ளைக்கு ஒப்பரேஷன் என்று அவசரப்படும் நேரத்தில் வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்த காலத்தில் மட்டக்களப்பு நகரத்தில் வாடகை எகிறியது, அதை நம்பி மேல்மாடி கட்டியவர்கள் அவர்கள் போன பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு இங்கே வாடகைக்கு வருகிறவர்கள் இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர், வைத்தியர், மாணவர். பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலையானாலும் ஒலுவிலானாலும் விடுமுறை விட்டால் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள்.

வாடகை எழுத்து பற்றி. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும், இது 1840இலிருந்து இருக்கிற சட்டம். புத்தகக் கடைப் படிவத்தை நிரப்பி இரண்டு வருடத்துக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, ஆள் எழும்ப மாட்டேன் என்றதும் ஓடி வருகிறீர்கள். குத்தகைக்கு விட்ட இடத்தை மாவட்ட நீதிமன்றம் மூலம் மீட்பதற்கென்றே 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, ஆனால் கையில் ஒழுங்கான குத்தகை இருந்தால்தான் அதனால் பயன்.

மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வாங்கி, கல்யாணம் வரைக்கும் வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. வீடு எப்படியும் தேவை, வாடகை மேலதிகம். அப்படியென்றால் குத்தகையை வருடத்துக்கு வருடம் புதுப்பியுங்கள். நாள் வைத்த பிறகு உள்ளே இருக்கிற குடும்பத்தை எழுப்ப ஓடுவது இரண்டு பக்கத்துக்கும் பாவம்.

தயவுசெய்து ஒன்று கேட்கிறேன். வீட்டை மார்கழி மழையில் ஒருக்கால் போய்ப் பாருங்கள், 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். பிறகு மூல உறுதி, நில அளவைப் படம், கடைசிச் சோலைவரிப் பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த எந்த நொத்தாரிசிடமாவது போங்கள். காணிப் பதிவகத்தில் ஈடு (அடமானம்), வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு, நீங்கள் கொடுக்கும் முற்பணத்தின் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. இருபது இலட்சத்தை அந்தத் தேடல் முடிந்த பிறகு கொடுங்கள்.