ஸ்கிம்மர் சரியாக இழுக்கவில்லையா? பெரிய பம்ப் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நீச்சல்குளம் திறக்கும் சீசன் தொடங்கி ஓரிரு வாரம் ஆனதும் ஒரே மாதிரி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "மோட்டார் ஓடுது, தண்ணியும் சுத்துது, ஆனா இலை எல்லாம் அப்படியே மிதக்குதுங்க." அடுத்த கேள்வியும் எனக்கு மனப்பாடம்: "ஒன்றரை ஹெச்பி பம்ப்பா மாத்திட்டா சரியாயிடுமா?"

பெரும்பாலும் ஆகாது. சில வீடுகளில் இன்னும் மோசமாகும்.

டொரண்டோவைச் சுற்றி, பிராம்ப்டன், மிசிசாகா, ஏஜாக்ஸ் பக்கம் கொல்லைப்புற நீச்சல்குளங்களைப் பராமரிப்பது என் தொழில். இங்கே நம் ஆட்கள் வாங்கும் வீடுகளில், முந்தைய உரிமையாளர் விட்டுப்போன தரைமேல் குளம் ஒன்று பின்னால் நிற்பது சகஜம். தகரச் சுவர், உள்ளே வினைல் லைனர், பக்கவாட்டில் ஒரு சதுர வாய். மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் அந்த வாய்தான் ஸ்கிம்மர். வீட்டோடு குளம் வரும், அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர ஆள் வரமாட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்கிம்மர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பம்ப் இலையை இழுப்பதில்லை. ஸ்கிம்மர் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீரை அடிவழியாக எடுக்கிறது. பெட்டிக்குள் மட்டம் கொஞ்சம் இறங்குகிறது. வெளியே குளத்தின் மட்டம் அதைவிட உயரம் என்பதால், மேல்பரப்புத் தண்ணீர் வாய் வழியே உள்ளே சரிகிறது. வாயில் கீல் வைத்து ஆடும் ஒரு பிளாஸ்டிக் ஃபிளாப் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது மிதக்கும் கதவு. தன் மேல் விளிம்பைத் தாண்டி மெல்லிய படலமாக மட்டும் தண்ணீரை உள்ளே விடும். படலம் மெல்லியதாக இருந்தால்தான் வேகம் வரும், வேகம் இருந்தால்தான் தூரத்து இலையும் நகர்ந்து வரும். ஃபிளாப் இல்லாவிட்டால் வாயின் முழு ஆழத்திலிருந்தும் தண்ணீர் நிதானமாக உள்ளே போகும், மேல்பரப்பு அசையவே அசையாது. பம்ப்பை நிறுத்தியதும் பிடித்த குப்பை மறுபடி குளத்துக்கே மிதந்து வந்துவிடும்.

ஆகவே ஸ்கிம்மர் மந்தம் என்றால் நான் முதலில் பார்ப்பது பம்ப்பை அல்ல, தண்ணீர் மட்டத்தை. ஸ்கிம்மர் வாயின் நடுவில் மட்டம் நிற்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பெட்டிக்குள் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். ஜூன் மாதத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து மட்டம் வாயின் மேல்விளிம்பைத் தொட்டால், ஃபிளாப் மூழ்கிவிடும். சரிவதற்குப் படலமே இருக்காது. பலர் "நிறைய தண்ணி இருக்கு, நல்லதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். நல்லதில்லை, கொஞ்சம் வெளியேற்றுங்கள்.

இதிலேயே ஒளிந்திருக்கும் இன்னொரு சிக்கல், குளம் சாய்ந்திருப்பது. தரைமேல் குளங்கள் மண்ணின் மேல் நிற்பவை. சில குளிர்காலம் உறைந்து இளகினால் ஒரு பக்கம் இறங்கிவிடும். டேப் எடுத்துக்கொண்டு, சுவரின் மேல் சட்டத்திலிருந்து தண்ணீர் வரை நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். நான்கும் ஒரு அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் கவலை இல்லை. ஸ்கிம்மர் இருக்கும் பக்கம் உயர்ந்து நின்றால், எதிர்ப்பக்கம் தண்ணீர் தளும்ப நிற்கும்போதே ஸ்கிம்மர் வாயில் மட்டம் குறைவாக இருக்கும். வித்தியாசம் சிறிது என்றால் ஸ்கிம்மர் வாயைப் பார்த்து மட்டத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். இரண்டு அங்குலத்துக்கு மேல் போய்விட்டால் அது ஸ்கிம்மர் விஷயமே இல்லை, குளத்தின் நிற்பு விஷயம். 24 அடி வட்டக் குளத்தில் நான்கடி தண்ணீர் என்றால் சுமார் 51,000 லிட்டர், அதாவது 51 டன். தண்ணீர் இருக்கும்போதே ஜாக்கி வைத்துத் தூக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். தயவுசெய்து வேண்டாம்.

மட்டம் சரி என்றால், ரிட்டர்ன் எந்தத் திசையில் அடிக்கிறது என்று பாருங்கள். வடிகட்டிய தண்ணீர் திரும்பி வரும் துளையில் உருண்டையான ஒரு முனை இருக்கும். வெளிவளையத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் எந்தப் பக்கமும் திருப்பலாம். அது நேராக ஸ்கிம்மரை நோக்கி அடித்தால், சுத்தமான தண்ணீரே திரும்பத் திரும்ப உள்ளே போகும், குளத்தின் மற்ற பகுதி தேங்கி நிற்கும். ஸ்கிம்மருக்கு எதிர்த்திசையில், சுவரை ஒட்டி, மேல்பரப்பு லேசாகச் சிலிர்க்கும் அளவுக்குத் திருப்பி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் குளம் முழுவதும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும், இலைகள் வரிசையாக ஸ்கிம்மர் வாயைக் கடந்து போகும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் வாய்க்குள் திரும்பாமல் தாண்டிப் போய்விடும். அப்போது முனையைச் சற்றே கீழே சாய்க்க வேண்டும். ஒரு மாலை நேரம் பொறுமையாக உட்கார்ந்து, கைநிறைய புல்லைத் தூவிப் பார்த்துத் திருப்பினால் போதும்.

காற்றையும் மறந்துவிடாதீர்கள். தெற்கு ஒண்டாரியோவில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஸ்கிம்மர் கிழக்குப் பக்கச் சுவரில் இருந்தால் குப்பையைக் காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். மேற்கில் இருந்தால் நீங்கள் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். புதிதாகக் குளம் வைப்பவர்கள் மின்சாரப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஸ்கிம்மரின் இடத்தை முடிவு செய்கிறார்கள். அங்கேயே பாதிக் காரியம் கெட்டுவிடுகிறது.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால், பிரச்சினை குழாய்வழியில் இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் ஃபில்டரின் தலையில் பிரஷர் கேஜ் வைத்திருக்கிறார்கள். பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்து முடித்த அன்று அது காட்டும் அளவை மார்க்கரால் அங்கேயே எழுதி வையுங்கள். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ரிட்டர்ன் பக்கம் தடை. குறைந்திருந்தால் பம்ப்புக்கு முன்னால் கோளாறு: குப்பை சேரும் கூடை, ஹோஸ், காற்றுக் கசிவு, இல்லை பம்ப்புக்குள்ளேயே அடைப்பு.

மணல் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பம்ப்பை நிறுத்திவிட்டு வால்வை ரீசர்குலேட் நிலைக்கு மாற்றி, மறுபடி ஓட விடுங்கள். தண்ணீர் மணலைத் தொடாமல் சுற்றும். ஸ்கிம்மர் உடனே உயிர்பெற்று இழுத்தால், குற்றவாளி ஃபில்டர்தான். மாற்றமே இல்லையென்றால் ஃபில்டரை விட்டுவிட்டு முன்பக்கம் தேடுங்கள். பம்ப் ஓடும்போது வால்வைத் திருப்பக் கூடாது, உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

முன்பக்கத்தில் அதிகம் அகப்படுவது மேப்பிள் விதை. மே கடைசி, ஜூன் மாதங்களில் இறக்கை வைத்த அந்த விதைகள் சுழன்று சுழன்று விழும், அழகாகத்தான் இருக்கும். ஸ்கிம்மர் கூடையின் இடுக்கு வழியாக நெட்டுக்குத்தலாக நுழைந்து, பம்ப்பின் கூடையையும் தாண்டி, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும். சமீபத்தில் ஒரு வீட்டில் பம்ப் நன்றாகத்தான் ஓடியது, கேஜ் மட்டும் வழக்கத்தில் பாதிகூடக் காட்டவில்லை. பிளக்கைப் பிடுங்கி, பிரேக்கரையும் இறக்கிவிட்டு, பம்ப் கூடையை எடுத்துவிட்டு உள்ளே விரலை விட்டேன். இம்பெல்லரின் கண் முழுக்க ஊறிப்போன விதைகள், சவசவவென்று. வளைத்த கம்பியால் ஒவ்வொன்றாக இழுத்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மா, "தம்பி, இதுக்கா புது மோட்டார் வாங்கச் சொன்னாங்க?" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

இதைத் தவிர்க்கக் கூடையின் மேல் மாட்டும் வலைச்சாக்கு கிடைக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் மகரந்தம் கொட்டும் நாட்களில் ஒரே நாளில் மஞ்சள் பசை பூசி அடைத்துவிடும். மாட்டிவிட்டு மறந்தால் நோயைவிட மருந்து மோசம். குளத்தின் அடியை வேக்யூம் செய்த பிறகு கூடைமேல் வைத்த தட்டை எடுக்காமல் விட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கூடையைத் தூக்கும் முன் உள்ளே பார்த்துவிட்டுக் கையை விடுங்கள், தேரையோ குளவியோ அங்கே இருக்கக்கூடும்.

காற்றுக் கசிவு இருந்தால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிக்கிற கதைதான். எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வராது. ரிட்டர்னில் குமிழிகள் விடாமல் வந்தால் சந்தேகப்படுங்கள். தரைமேல் குளத்தில் பம்ப் பொதுவாக நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். இது ஒரு வசதி: ஓடும்போது காற்றை இழுக்கும் அதே இடம், நிறுத்தியதும் தண்ணீராகச் சொட்டும். ஆக, பம்ப்பை அணைத்துவிட்டு ஹோஸ் இணைப்புகள், கிளாம்ப், பம்ப் மூடி எல்லாவற்றையும் காய்ந்த கையால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் மூடியின் ஓ-ரிங்கில்தான் போய் முடியும். அதைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று வாஸலின் தடவினால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். ஹோஸ் பழசாகி வெயிலில் தளர்ந்திருந்தால், பம்ப் ஓடும்போது சப்பையாக ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும்.

இப்போது அந்தப் பெரிய பம்ப் கேள்விக்கு வரலாம். ஒரே ஒரு ஸ்கிம்மர், ஒன்றரை அங்குல ஹோஸ், அடியில் வேறு உறிஞ்சுவழி கிடையாது. பெரும்பாலான தரைமேல் குளங்கள் இப்படித்தான். வாய் வழியாகத் தண்ணீர் வந்து சேரும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி பம்ப் இழுத்தால் பெட்டி வற்றி, சுழல் விழுந்து, காற்று உள்ளே போகும். ஸ்கிம்மர் இன்னும் மோசமாகும். மணல் ஃபில்டருக்கும் இவ்வளவுதான் ஓட்டம் தாங்கும் என்று ஒரு கணக்கு அதன் மேலேயே ஒட்டியிருக்கும். மீறினால் அழுக்கு மணலுக்குள் நிற்காமல் அப்படியே குளத்துக்குத் திரும்பும். மின் கட்டணம் தனி.

மின் கட்டணம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒண்டாரியோவில் நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரை மலிவு. அதனால் பம்ப்பை இரவில் மட்டும் ஓட விடுகிறார்கள். சிக்கனம் நியாயம்தான். ஆனால் இலையும் பூச்சியும் பகலில்தான் விழுகின்றன. சில மணி நேரம் மிதந்து, ஊறி, அடியில் போய்ப் படுத்துவிடும். அதன்பின் ஸ்கிம்மரால் ஆவது ஒன்றுமில்லை. இரவு நேரத்தில் கொஞ்சம் குறைத்து, மாலை 5 மணிக்கே தொடங்கி விடுங்கள். கோடையில் உச்சக் கட்டணம் 11 முதல் 5 வரைதான். சனி, ஞாயிறு முழுவதும் மலிவு, அந்த இரண்டு நாளும் தாராளமாகப் பகலில் ஓட்டலாம்.

அடுத்தது, உயிர் போகிற விஷயம். குளம் மங்கலாக இருக்கிறது என்று, ஷாக் பவுடரை (ஒரே முறையில் அதிகக் குளோரின் ஏற்றும் தூள்) ஸ்கிம்மருக்குள் கொட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதே கூடையில் குளோரின் வில்லையும் கிடக்கும். வில்லை பெரும்பாலும் ட்ரைகுளோர், பவுடர் பல நேரம் கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் ஈரத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அளவுக்கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள், வாளிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். வில்லையை ஸ்கிம்மரில் போடுவதே எனக்குப் பிடிப்பதில்லை. பம்ப் நிற்கும் நேரத்தில் அது கரைந்து பெட்டிக்குள் அமிலமாகத் தேங்கும். ஃபிளாப்பின் கீல் உடைவதற்கும் கேஸ்கெட் இறுகிப்போவதற்கும் அது ஒரு காரணம். மிதக்கும் டிஸ்பென்சர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ்கெட் போனால் கசிவு. குளத்தின் மட்டம் தினமும் இறங்கி, சரியாக ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டால், ஒழுகுவது அநேகமாக அங்கேதான். மற்றவர்கள் செய்வதுபோல ஹோஸைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒழுகும் தண்ணீர் ஸ்கிம்மருக்குக் கீழே, லைனருக்கும் தகரச் சுவருக்கும் இடையில் இறங்குகிறது. வெளியே பெயின்ட் லேசாகக் கொப்புளித்து, பழுப்பு நிறக் கோடு ஒன்று கீழே ஓடியிருக்கும். விரலால் அழுத்தினால் தகரம் மொறமொறவென்று உதிரும் நிலைக்கு வந்த குளங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி உதிர்ந்தால் சுவர் கிழிய அதிக நேரம் ஆகாது. 51 டன் தண்ணீர் ஒரே பக்கமாக வெளியேறும்போது எதிரில் யாரும் நிற்கக் கூடாது.

அதனால் மாதம் ஒருமுறை குளத்துக்கு வெளியே குனிந்து, ஸ்கிம்மருக்கு அடியில் சுவரைப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால், மட்டத்தை வாய்க்குக் கீழே இறக்கி, முகப்புத் தட்டைக் கழற்றி, இரண்டு பக்கக் கேஸ்கெட்டையும் மாற்றி, துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துவிடலாம். திருகுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரே மூச்சில் முறுக்கினால் பிளாஸ்டிக் விரிந்துவிடும். துளை விழுந்திருந்தாலோ, சுவர் வெளியே பிதுங்கியிருந்தாலோ குழந்தைகளை முற்றத்துக்கு அனுப்பாதீர்கள். பிதுங்கிய பக்கத்துக்கு நீங்களும் போகாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீரை இறக்க ஆரம்பித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.