சிலிண்டர்: தமிழில் உருளை

லாரிப் பட்டறையில் ‘ஆறு சிலிண்டர் வண்டி’ என்றால், ஆறு பிஸ்டன் ஏறி இறங்க ஆறு துளை உள்ள எஞ்சின் என்று பொருள். சிலிண்டர் கிரேக்கத்தில் பிறந்த சொல். அங்கே ‘குலிந்தெயின்’ என்றால் உருட்டுதல். அதிலிருந்து வந்த ‘குலிந்த்ரோஸ்’ உருளும் கட்டையைக் குறித்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நம்மிடம் சேர்ந்தது.

தமிழும் இதே வழியில்தான் பெயர் வைத்திருக்கிறது. உருள் என்னும் வினையிலிருந்து உருளை. சக்கரத்துக்கு உருளி என்ற பெயரும் உண்டு. பள்ளிக் கணக்கில் உருளையின் கன அளவு படிக்கிறோம், செய்தித்தாளில் எரிவாயு உருளை என்று எழுதுகிறோம். ஆகவே புதுச்சொல் தேட வேண்டியதில்லை: ஆறு உருளை எஞ்சின், பொதுவாகச் சொன்னால் பல்லுருளை எஞ்சின். ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: எஞ்சினில் உருளை என்பது கட்டை அல்ல, பிஸ்டன் ஓடும் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தின் அளவுதான் ‘சிசி’, அதாவது கன சென்டிமீட்டர். கம்மின்ஸ் நிறுவனத்தின் 6பிடி என்னும் ஆறு உருளை டீசல் எஞ்சினில் துளையின் விட்டம் 102 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 120 மி.மீ. ஓர் உருளைக்குச் சுமார் 981 சிசி. ஆறுக்கும் சேர்த்து 5,883 சிசி. இதையே 5.9 லிட்டர் என்கிறார்கள்.

உருளை கூடினால் இழுவை கூடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஸ்கானியாவின் 16.4 லிட்டர் வி-8 எஞ்சின் (V வடிவில் எட்டு உருளை) 770 குதிரைத்திறன் தருகிறது, வால்வோவின் 17.3 லிட்டர் எஞ்சின் வரிசையாக நிற்கும் ஆறே உருளையில் 780 தருகிறது. கனரக லாரிகளில் ஆறு நிலைத்ததற்குக் காரணம் சமநிலை. கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இரண்டு சுற்று, அதாவது 720 பாகை, சுழல்வதற்குள் 120 பாகைக்கு ஒன்றாக ஆறு முறை டீசல் எரிகிறது. பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது எழும் அதிர்வை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. நாலு உருளையில் கிராங்க் வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் ஓர் அதிர்வு மிஞ்சும்.

6பிடி-யில் எரியும் வரிசை 1-5-3-6-2-4. எண்ணிக்கை ரேடியேட்டர் பக்கத்திலிருந்து தொடங்கும். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்று உள்ளே வரும் இன்லெட்டுக்கு 0.25 மி.மீ., புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டுக்கு 0.51 மி.மீ. முதல் உருளையின் பிஸ்டனை, காற்றை அமுக்கும் ஓட்டத்தின் உச்சியில் நிறுத்தி, இன்லெட் 1, 2, 4, எக்ஸாஸ்ட் 1, 3, 5 ஆகிய வால்வுகளுக்கு இடைவெளி வைக்க வேண்டும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றியபின் மீதி ஆறு வால்வுகளுக்கு. இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. அமுக்கம் கசிந்து எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

ஓர் உருளை ‘மிஸ்’ அடித்தால், அதாவது சரியாக எரியாவிட்டால், ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த உருளை நன்றாக வேலை செய்கிறது. சத்தம் மாறாவிட்டால் கோளாறு அங்கேதான்: இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டன் ரிங் என்று அந்த ஓர் உருளையை மட்டும் சோதித்தால் போதும். இது பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு மட்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின் ஓடும்போது அந்த நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.