ஆறு வினாடி டிரம்ஸ் யாருடையது?

ஒலிக்கலவை செய்வது என் தொழில். இளைஞர்கள் கொண்டுவரும் மின்னணு இசைக் கோப்புகளில் ஒரே டிரம்ஸ் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "யார் வாசித்தது?" என்று கேட்டால், "இணையத்தில் கிடைத்தது சார், ஆறு வினாடிதானே" என்கிறார்கள்.

வாசித்தவர் கிரெகரி கோல்மன். 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' இசைத்தட்டில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துவிட, அவர் மட்டும் நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, வாசிக்கிறார். 1980-களில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் அதையே வேகமாக்கி, அடியில் ஜமைக்காவின் ரெகே இசையிலுள்ள கனத்த தாழொலியான பேஸை ஓடவிட்டார்கள், 'ஜங்கிள்' என்ற மின்னணு நடன இசை பிறந்தது. கோல்மன் 2006-இல் இறந்தார். அந்தத் துண்டுக்காக உரிமைத்தொகை என்று ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

டிரம்ஸ் பகுதியைத் தனியே பிரித்து ஓடவிடும் பழக்கம் அந்த 1980-களுக்கும் முந்தையது. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, டிரம்ஸ் பகுதியை நீட்டிக் காட்டியவர் டிஜே கூல் ஹெர்க். நியூயார்க்கின் பிராங்ஸில் 1970-களில் அதைச் செய்த அவர், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர்.

அதே கிங்ஸ்டனில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, மிக்சர் மேசையையே வாத்தியமாக்கினார். பாடகர் குரலின் ஃபேடரை, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, இறக்கிவிடுவார். டிரம்ஸும் பேஸும் மட்டும் நிற்கும். குரலின் ஒரே ஓர் அசையை எக்கோவுக்கு அனுப்பிவிட்டுக் குமிழைச் சட்டென்று மூடுவார். அந்த அசை தனியே எதிரொலித்துத் தேய்ந்து மறையும். இன்று மென்பொருளில் டிலே (எதிரொலி) குமிழைத் திருகுகிற ஒவ்வொருவரும் செய்வது இதைத்தான். மேசையில் இப்படி உருவாகும் 'டப்' ரெகேயைப் பத்து நாள் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஒலியை எப்போது எடுத்துவிட வேண்டும் என்று காது கற்றுக்கொள்ளும்.

சில வினாடிகள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒலிப்பதிவுக்கு, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. இசையமைப்புக்கு ஓர் அனுமதி, பதிவுக்கு ஓர் அனுமதி என இரண்டும் வாங்க வேண்டும். வெட்டி எடுத்த ஒலித்துண்டை 'இலவச சாம்பிள்' என்று தருபவருக்கே அந்த உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்ற மாதம் வந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுவாரம் ஒரு டிரம்ஸ் கலைஞரை அழைத்துவந்தார். நான்கு பார், மூன்று முறை பதிவு செய்தோம். சம்பளத்தைக் கொடுத்த பிறகு, வாசித்தவரின் பெயரைக் கோப்பில் அந்த இளைஞரே தட்டச்சு செய்தார்.